சயாம் ரயில்பாதையில் 16 கேடட்கள்: காரைக்குடியிலிருந்து போன ஒரு நினைவு நடையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடி வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு பள்ளிகளும் ஒரு கல்லூரியும் சேர்ந்து 16 என்.சி.சி. கேடட்களைத் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு அழைத்துச் சென்றன. பையன்கள் 10 பேர், பெண்கள் 6 பேர், வயது 15 முதல் 19 வரை. உடன் போனவர்கள் மூவர்: என்.சி.சி. பொறுப்பாசிரியர், ஓர் ஆசிரியை, ஓய்வுபெற்ற ஹவில்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையின் ஓரமாக மூன்று நாளில் 40 கி.மீ. நடந்துவிட்டு, ஏப்ரல் 25 விடியற்காலை ஹெல்ஃபயர் பாஸ் என்ற பாறை வெட்டில் நடக்கும் அன்ஸாக் நாள் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர் நினைவு நாள்) அஞ்சலியில் நிற்பது என்பது திட்டம்.

அந்தப் பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசாயத் வரை 415 கி.மீ. நீளம். 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தாவில் இரு முனைகளையும் இணைத்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் இதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000-க்கும் மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. 1,80,000-க்குக் குறையாது என்றும், இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கும் என்றும் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும் பகுதி மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையில்லாமல் போன சமயம் அது. நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி முதலில் கூட்டிப் போனார்கள். ஆள் போதாதபோது பிடித்துப் போனார்கள்.

செட்டிநாட்டுக்கும் கடல் கடந்த அந்த நிலங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லத் தேவையில்லை. பர்மா தேக்குத் தூண் இல்லாத பெரிய வீடு இங்கே அரிது. 1942-இல் ரங்கூன் விழுந்தபோது கணக்கேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தவர்களின் கதையும் பல வளவுகளில் இருக்கிறது. ஆனால் இதே வறண்ட சீமையிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிய கூலிக் குடும்பங்களின் கதை அந்த வீடுகளில் இல்லை. இந்த 16 பேரில் பெரும்பாலோர் தேக்குத் தூண் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. திட்டம் தீட்டும்போது இது யார் கண்ணிலும் படவில்லை.

தயாரிப்பு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை

முதலில் முடிவானது தூரம்தான். 40 கி.மீ. என்ற எண் விண்ணப்பத்திலும் பத்திரிகைக் குறிப்பிலும் இடம்பெற்றுவிட்டது. மற்றவை எல்லாம் அந்த எண்ணுக்கு ஏற்ப வளைக்கப்பட்டன. பின்னால் நேர்ந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்தே தொடங்குகின்றன.

எட்டு வாரப் பயிற்சி வகுத்தார்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டிக்கு ஏறக்குறைய 12 கி.மீ.; ஞாயிறுதோறும் அதிகாலை இந்த நடை. வார நாள்களில் மைதானத்தில் 4 கி.மீ. தாளில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சிலும், பத்தாம் வகுப்புத் தேர்வு அதை ஒட்டியும் வந்தன. பள்ளிக் கேடட்கள் 11 பேரில் 7 பேர் தேர்வு எழுதுபவர்கள். அவர்கள் நடந்தது சராசரியாக 35 கி.மீ.தான். புது பூட்ஸ் காலுக்குப் பழக 80 முதல் 100 கி.மீ. நடை வேண்டும், பாதிகூடத் தேறவில்லை.

பூட்ஸ் வாங்கிய விதத்திலும் பிழை இருந்தது. காலையில் கடைக்குப் போய், மெல்லிய சாக்ஸ் போட்டு அளவு பார்த்து வாங்கினார்கள். நாள் முழுக்க நின்று நடந்தபின் மாலையில்தான் பாதம் சற்று வீங்கி, நடையின்போது இருக்கும் அளவுக்கு வரும். மாலையில், நடைக்கு அணியப்போகும் அதே சாக்ஸோடு, கட்டைவிரல் நுனிக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கும்படி வாங்க வேண்டும். 16 பேரில் 5 பேருக்கு இடம் போதவில்லை என்பது காஞ்சனபுரியில்தான் தெரிந்தது.

இன்னொரு தவறான நம்பிக்கை பாதயாத்திரையால் வந்தது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பது இந்த வட்டாரத்தில் தலைமுறை வழக்கம். கேடட்களில் 6 பேர் குடும்பத்தோடு பழனிக்கு நடந்தவர்கள். ‘பழனிக்கே போனவங்க, இது என்ன பெரிய தூரம்’ என்று பெற்றோரும் சொன்னார்கள், ஆசிரியர்களும் நம்பினார்கள். பாதயாத்திரை வெறுங்கால் நடை. உள்ளங்காலில் காய்ப்பு ஏறும். ஆனால் குதிகாலின் பின்பக்கமும் சுண்டுவிரலின் வெளிப்பக்கமும் எதிலும் உரசாததால் மென்மையாகவே இருக்கும். பூட்ஸ் கடிப்பது சரியாக அந்த இடங்களில்தான். முதல் நாள் கொப்புளம் வந்த 6 பேரில் 4 பேர் பழனிக்கு நடந்தவர்கள்.

படி ஏறி இறங்கும் பயிற்சி குன்றக்குடி மலையில் நடந்தது. கோயில் படி என்பதால் செருப்பு, பூட்ஸ் கிடையாது. மூச்சுக்கு நல்ல பயிற்சி. பூட்ஸுக்குள் விரல் முன்னே போய் இடிப்பதை அது காட்டாது.

கடவுச்சீட்டு வேலையில் மூன்று வாரம் போயிற்று. 18 வயது நிரம்பாதவர்களுக்குத் தாய் தந்தை இருவரும் கையெழுத்திட்ட ‘டி’ இணைப்புப் படிவம் வேண்டும். நான்கு பிள்ளைகளின் தகப்பனார்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள். அவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டியிருந்தது; விடுப்பு கிடைத்துத் தூதரகம் போய் வரவே நாளாயிற்று. இந்த ஊர்களிலிருந்து பிள்ளைகளை வெளிநாடு அழைத்துப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி, ‘அப்பா எங்கே இருக்கிறார்?’

சீருடை பற்றி விவாதம் நடந்தது. என்.சி.சி.யின் அதிகாரபூர்வ இளைஞர் பரிமாற்றப் பயணமாக இது இல்லை. மூன்று கல்வி நிலையங்களின் சொந்த ஏற்பாடு. அனுமதியில்லாமல் வெளிநாட்டில் சீருடை அணிவதில்லை என்று பொறுப்பாசிரியர் முடிவெடுத்தார். வெள்ளைச் சட்டை, காக்கி அல்லாத அடர்நிறக் கால்சட்டை, ஒரே மாதிரித் தொப்பி. கேடட்களுக்கு வருத்தம்தான். முடிவு சரியானது, அதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போனது, அது பின்னால் வருகிறது.

முதல் நாள்: ஏப்ரல் 23

பாங்காக்கில் இறங்கி, பேருந்தில் காஞ்சனபுரி விடுதியை அடைந்தபோது அதிகாலை 2.40. காலை 5.30-க்குக் கிளம்புவதாக இருந்தது. பிள்ளைகள் தூங்கட்டும் என்று புறப்பாட்டை 8.45-க்குத் தள்ளினார்கள். தள்ளியது தவறில்லை. ஆனால் அன்றைக்கு வகுத்த 14 கி.மீ.யில் ஒரு கிலோமீட்டரையும் குறைக்கவில்லை. ஏப்ரலில் காஞ்சனபுரி தாய்லாந்தின் மிகச் சூடான இடங்களுள் ஒன்று. காரைக்குடி வெயிலுக்குப் பழகிய உடம்பு என்ற துணிச்சல் அங்கே அரைகுறையாகத்தான் உதவும்; ஆற்றோரப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

காலை உணவு ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். மீன் சாறு கலந்திருக்குமோ என்று சைவக் கேடட்கள் மூவர் சோற்றைத் தொடவில்லை. சந்தேகம் நியாயமானதே, அங்கே காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள்.

க்வாய் யாய் ஆற்றுப் பாலத்திலிருந்து நடை தொடங்கியது. பாலத்தருகே 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. அதன் கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. ஒரு கேடட் தற்செயலாகப் பார்த்துக் கூப்பிட்டதால் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

அடுத்து காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம். 6,982 போர்க்கைதிகளின் கல்லறைகள்; பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். தாழ்ந்த பீடங்களில் பதித்த வெண்கலத் தகடுகள், அருகம்புல் போல வெட்டிவிட்ட தரை. ஒவ்வொரு கேடட்டும் பத்துப் பெயர் படிக்க வேண்டும் என்று ஊரிலேயே தாள் கொடுத்திருந்தார்கள். முதலில் படித்த பையன் பாதியில் நிறுத்தி, ‘சார், நம்ம ஆளுங்க பேரு எந்த வரிசைல இருக்கு?’ என்று கேட்டான். நுழைவாயில் நினைவுக்கல்லில் வேறிடங்களில் அடக்கமான 11 இந்தியப் படைவீரர்களின் பெயர்கள் மட்டும் உண்டு. தோட்டத் தொழிலாளர்களுக்கு அங்கே வரிசை இல்லை. இது படைவீரர்களுக்கான கல்லறை. யாரும் ஒளித்து வைத்த செய்தி அல்ல. அதைக் கேடட்கள் ஊரிலேயே அறிந்து வந்திருக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பின் ஆற்றைக் கடந்து சுங்காய் என்ற இடத்தை நோக்கிப் போனபோது நேரம் 10.50. இதன் பிறகு நடந்தவை வரிசையாக:

11.05-க்கு ஒருவன் வாந்தி எடுத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கான 21 கிராம் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் முழுவதையும் அரை லிட்டர் புட்டியில் கலக்கியிருந்தான். இரட்டிப்புச் செறிவுள்ள கரைசல் வயிற்றைப் புரட்டும், தாகத்தையும் கூட்டும். ‘ஒரு பொட்டலம், ஒரு புட்டி’ என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாரும் புட்டியின் அளவைச் சொல்லவில்லை.

11.20-க்குள் நான்கு பேர் நொண்டினார்கள். குதிகால் உரசுவதை அவர்கள் பாலத்தருகிலேயே உணர்ந்திருந்தார்கள். அணி நின்றுவிடக்கூடாது என்பதற்காக வெளியே சொல்லவில்லை. அணிநடையில் ஒழுக்கம் என்று பழக்கியதே இங்கே கேடாக முடிந்தது. தோல் சிவந்து சூடாகத் தெரிகிற அந்த முதல் பத்து நிமிடத்தில் நின்று பிளாஸ்டர் ஒட்டினால் கொப்புளமே வராது.

11.40-க்கு 16 வயதுப் பெண் கேடட் ஒருவர் பின்தங்கி, தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்தார். முகம் வெளிறி, தோல் சில்லென்று ஈரமாக, நாடி நிமிடத்துக்கு 124. கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார். வெப்பத் தளர்ச்சி. பேச்சு குழறியிருந்தாலோ, உடம்பு கொதித்திருந்தாலோ அது வெப்பத் தாக்கு, வேறு கதை. அப்போது முதல் வேலை தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதும் தாய்லாந்தின் அவசர மருத்துவ எண்ணான 1669-க்கு அழைப்பதும்.

ஹவில்தார் செய்தவை: மரநிழலில் படுக்க வைத்து, காலை ஒரு பையின் மேல் உயர்த்தி, பூட்ஸையும் இடுப்புப் பட்டையையும் தளர்த்தினார். நனைத்த துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, இரண்டு பேரை விசிறச் சொன்னார். சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ்.ஸை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறு மிடறாகக் கொடுத்தார். 40 நிமிடத்தில் 600 மி.லி. உள்ளே போயிற்று, நாடி 92-க்கு இறங்கியது. பிறகும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். மாலையில் அந்தப் பெண் விடுதிக்குத் திரும்பினார்.

அவருடைய ஒரு லிட்டர் புட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் அப்படியே இருந்தது. ஆசிரியை தனியாகக் கேட்டபோது காரணம் வந்தது: வழியில் கழிப்பறை எங்கே என்று தெரியாததால் காலையிலிருந்து குடிப்பதைத் தவிர்த்திருக்கிறார். மற்ற ஐந்து பெண்களில் மூன்று பேரும் அதையே செய்திருந்தார்கள். ஊரிலும் பள்ளி நாள்களில் இப்படித்தான் என்றார்கள். புட்டி நிரம்பியிருக்கிறதா என்று புறப்படும்போது பார்த்தார்களே தவிர, காலியாகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இந்த நிகழ்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், இதை எடுத்துக்கொள்ளலாம்.

அன்று இரவு எடுத்த முடிவுகள்

சுங்காய்க்கு முன்பே நடையை நிறுத்தி எல்லோரையும் வண்டியில் ஏற்றினார்கள். இரவு பெரியவர்கள் மூவரும் உட்கார்ந்து நான்கு முடிவெடுத்தார்கள்.

மறுநாள் ‘நாம் டோக்’ ரயில் நிலையத்திலிருந்து ஹெல்ஃபயர் பாஸ் வரை 323-ஆம் நெடுஞ்சாலையோரம் 18 கி.மீ. நடப்பதாக இருந்தது. அதைக் கைவிட்டார்கள். சாலையில் லாரிகள் அதிகம், ஓரத்தில் நிழல் இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தச் சாலையில் நடப்பதால் ரயில்பாதையைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை. 40 என்ற எண்ணுக்காக மட்டுமே அது திட்டத்தில் இருந்தது. பொறுப்பாசிரியருக்கு இதில் தயக்கம் இருந்தது. நன்கொடை தந்தவர்களிடம் 40 என்று சொல்லியாயிற்றே என்றார். ஹவில்தார், திரும்பிப் போய் 12 என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

இரண்டாவது, கால் பார்ப்பது. 16 பேரின் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்த்துத் தாளில் குறித்தார்கள். 6 பேருக்கு 11 கொப்புளம். அவற்றில் 7 குதிகாலின் பின்பக்கம். சிறியவற்றை உடைக்காமல் சுற்றி மெத்தையிட்டு மூடினார்கள். நடக்கவிடாத பெரிய மூன்றை மட்டும், கொதிக்க வைத்த ஊசியால் ஓரத்தில் இரு துளையிட்டு நீரை வடித்து, மேல்தோலை அகற்றாமல் மருந்துத் துணி வைத்துக் கட்டினார்கள். பிளாஸ்டரின் மூலைகளை வட்டமாக வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். கூர்மூலை சாக்ஸில் மாட்டி உரிந்து, அதுவே இன்னொரு கொப்புளத்தை உண்டாக்கும். பருத்தி சாக்ஸை மாற்றி, உள்ளே மெல்லிய நைலான், வெளியே தடித்த சாக்ஸ் என இரண்டடுக்கு ஆக்கினார்கள். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஈரத்தோல் எளிதில் கழன்றுவிடும். இரண்டடுக்கில் உரசல் துணிகளுக்குள் நடக்கும், தோலுக்கு வராது.

மூன்றாவது, தண்ணீர் முறை. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். மணிக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள இடத்தில் நிற்பது, அந்த இடங்களை முந்தைய இரவே குறித்து எல்லோருக்கும் சொல்வது, நிற்கும்போது புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவது. பெண்களுக்கு ஆசிரியை தனியே நாப்கின் பை ஒன்றை வண்டியில் வைத்தார். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து உப்புக் குறைவதும் ஆபத்துதான். அதற்கு ஊரிலிருந்து கொண்டுபோன சீடையும் உப்புக்கடலையும் போதுமாயிருந்தன. சைவர்களுக்குப் பருப்புப் பொடியும் வெறுஞ்சோறும்.

நான்காவது முடிவு, கல்லறைத் தோட்டத்தில் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியைப் பற்றியது. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமிய பௌத்தக் கோயில் உள்ளது. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே சேர்த்து அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் தமிழர்களுக்கென ஒரு நடுகல்லும் எழுப்பப்பட்டிருக்கிறது. முதல் நாள் கேடட்கள் அதைத் தாண்டித்தான் நடந்து போயிருக்கிறார்கள். 25-ஆம் தேதி மாலையை அதற்கென ஒதுக்கி, இரண்டாவது மலர்வளையம் ஒன்றுக்குச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள்: ஏப்ரல் 24

காலை ரயிலில் ‘நாம் டோக்’ போனார்கள். பாலத்தைத் தாண்டி, வாங் போவில் ஆற்றோரப் பாறையை ஒட்டிய மரப்பாலத்தின்மீது வண்டி ஊர்ந்து போகிறது. போர்க்காலப் பாதையில் இன்றும் ரயில் ஓடும் பகுதி ‘நாம் டோக்’கோடு முடிகிறது. அங்கிருந்து வேனில் ஹெல்ஃபயர் பாஸ். காஞ்சனபுரியிலிருந்து சுமார் 80 கி.மீ.

கொன்யூ வெட்டு எனப்படும் இந்த இடத்தில் பாறையைக் கையால் குடைந்தார்கள். ஒருவர் உளிக்கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, துளையில் வெடி வைத்துத் தகர்த்து, கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். இரவு வேலையின் தீப்பந்த வெளிச்சத்தால் நரகத்தீக் கணவாய் என்ற பெயர் வந்தது. பாறையில் உடைந்து நிற்கும் உளிக்கம்பியைக் கேடட்கள் தொட்டுப் பார்த்தார்கள்.

ஹவில்தார் இங்கே நின்று காலராவைப் பற்றிச் சொன்னது முந்தைய நாளின் தண்ணீர் விவகாரத்தோடு ஒட்டியது. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது போர்க்கைதிகள் முகாம்களில் அவர்களுடைய சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். கொதிக்காத தண்ணீரைத் தொடக்கூடாது, தட்டைக் கொதிநீரில் முக்காமல் சோறு வாங்கக்கூடாது என்று கட்டாயப்படுத்தினார்கள். தொழிலாளர் முகாம்களில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை, மருத்துவர் இல்லை, பல இடங்களில் குழந்தை குட்டிகளோடு இருந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். சாவு எண்ணிக்கையில் உள்ள பெரும் வேறுபாட்டுக்கு உடல் வலிமை காரணமல்ல, அமைப்பு இல்லாமைதான் காரணம் என்று அவர் சொன்னதை மறுக்க முடியாது.

நடை 5 கி.மீ.யோடு நின்றது. தரை முழுக்கப் பழைய ரயில்பாதை ஜல்லி, இறக்கத்தில் நீண்ட படிவரிசை. முதல் நாள் தப்பித்த இருவருக்கு இங்கே கட்டைவிரல் நகத்தடியில் வலி வந்தது. பூட்ஸின் மேல் இரு கண்ணிகளில் கயிற்றை வளையமாக மாட்டி, குறுக்கே இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும், விரல் முன்னே சரியாது. படியின் தலைப்பிலேயே செய்திருக்கலாம். பாதிப் படியில் செய்தார்கள். நகத்தைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்பு நேராக வெட்டியவர்களுக்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள்: ஏப்ரல் 25

அதிகாலை 3 மணிக்குப் பேருந்து. 1915-இல் கலிப்பொலியில் தரையிறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை நினைவுகூரும் நாள் இது. ஹெல்ஃபயர் பாஸில் வேலை தொடங்கியதும் 1943-இல் இதே நாளில்தான் என்பதால் இங்கே இரட்டைப் பொருள் உண்டு. இருட்டில் படியிறங்கி வெட்டுக்குள் நிற்க வேண்டும். 13 பேர் இறங்கினார்கள். வெப்பத் தளர்ச்சி கண்டவரும் பெரிய கொப்புளக்காரர் இருவரும் மேலே ஆசிரியையோடு நின்றார்கள். ஒருவன் தான் இறங்கியே தீருவேன் என்றான், விடவில்லை. இருட்டில் ஒருவன் தடுக்கினால் முன்னால் போகும் வயதானவர்களும் சேர்ந்து விழுவார்கள் என்பதே காரணம்.

நீண்ட நேரம் ‘சாவ்தான்’ (அசையாமல் விறைப்பாக நிற்கும்) நிலையில் நின்றால் மயங்கி விழுவது அணிவகுப்புகளில் வழக்கமான காட்சி. முட்டியைப் பின்னுக்குப் பூட்டி நிற்பதால் இரத்தம் காலில் தங்கிவிடும். முட்டியை மிகச் சற்றே தளர்த்தி, பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி விரிக்கச் சொல்லியிருந்தார்கள். எவரும் விழவில்லை.

சீருடை பற்றிச் சொல்ல மறந்தது இங்கே தெரிந்தது. பியூகிள் ஊதியதும் இரண்டு பேர் கையில் தொப்பியை வைத்துக்கொண்டு சல்யூட் அடித்துவிட்டார்கள். தலையில் தொப்பி இல்லாவிட்டால் நம் முறையில் சல்யூட் கிடையாது. சாதாரண உடையில் அசையாமல் நிற்பதே மரியாதை. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைக்கே பழகியவர்கள் ஆங்கிலக் கட்டளைக்குத் திகைத்ததும் உண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

முற்பகல் கல்லறைத் தோட்டத்தில் முதல் வளையம். மாலை 4.30-க்கு வாட் தாவோர்ன். நேரத்தைக் கால்களை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்: கோயிலுக்குள் செருப்பு கழற்ற வேண்டும், நண்பகலில் கல்தரை கொதிக்கும், கட்டுப்போட்ட பாதம் தாங்காது. முன்கூட்டிக் கேட்டதில் சாக்ஸோடு வரலாம் என்றார்கள்.

என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. தேவாரம் பாடலாம் என்றார் ஒருவர். இறந்தவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் உண்டு, இடம் பௌத்தர்களுடையது; ஆகவே பாட்டு வேண்டாம் என்று முடிவானது. படிக்கப் பெயர்ப் பட்டியல் கிடையாது. கல்லூரிக் கேடட் ஒருவர் ஒன்றரை நிமிட உரையைத் தமிழில் படித்தார்: எங்கிருந்து, எப்படி, எத்தனை பேர், எதனால் என்ற விவரம் மட்டும். இரண்டு நிமிட மௌனம், வளையம், முடிந்தது. 16 பேரும் இதில் நின்றார்கள். மூன்று நாளில் கேடட்கள் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான் என்று மூன்று பெரியவர்களுமே குறித்திருக்கிறார்கள்.

மொத்தம் நடந்தது ஏறக்குறைய 15 கி.மீ.

திரும்பிய பின்

கொப்புளங்கள் பத்து நாளில் ஆறின, ஒன்றைத் தவிர. ஒரு பையனின் கொப்புளத் தோலை அறைத்தோழன் நகவெட்டியால் வெட்டி எடுத்திருந்தான். சீழ் வைத்து, ஊரில் ஒரு வாரம் மருந்து சாப்பிட வேண்டியதாயிற்று. பெற்றோர் கூட்டத்தில், இவ்வளவு செலவழித்து அனுப்பிய பிள்ளையை ஏன் விடியற்காலை அஞ்சலிக்கு இறங்கவிடவில்லை என்று ஒருவர் கோபப்பட்டார். கால் குறிப்புத்தாளைக் காட்டியதும் பேச்சு தணிந்தது. எழுதி வைத்ததன் பயன் அது.

நான்கு கேடட்கள் தங்கள் வீடுகளில் விசாரித்து, மலாயாவுக்குப் போய்த் திரும்பாத உறவினர் இருந்ததாகச் சொன்னார்கள். ரயில்பாதைக்குத்தான் போனார்களா என்று நிறுவ வழியில்லை. அறிக்கையில் ‘திரும்பாதவர்’ என்று மட்டும் பதிந்திருக்கிறார்கள். அது போதும், அதற்குமேல் எழுதுவது சரியும் அல்ல.

மாற்ற வேண்டியவை

தூரத்தைக் கடைசியில் முடிவு செய்ய வேண்டும். எந்தெந்த இடத்தில் நிற்பது என்பதை முதலில் எழுதி, அவற்றை இணைக்க எவ்வளவு நடக்க வேண்டுமோ அவ்வளவே நடை. புறப்பாடு ஒரு மணி நேரம் தள்ளினால் 4 கி.மீ. குறையும் என்ற விதி தாளில் இருக்க வேண்டும். களைப்பில் அதை யாரும் யோசித்து முடிவெடுக்கப் போவதில்லை. வந்திறங்கிய நாளில் நடை கூடாது.

படிப் பயிற்சிக்குக் குன்றக்குடிக்குப் பதில் திருமயம் கோட்டை. பூட்ஸோடு ஏறி இறங்கலாம், பாறைச் சரிவும் உண்டு. உரசல் தெரிந்தால் கை தூக்கி அணியை நிறுத்தும் உரிமை ஒவ்வொரு கேடட்டுக்கும் உண்டு என்பதைப் பயிற்சி நடையிலேயே பழக்க வேண்டும். வெறும் சொல்லாகச் சொன்னால் 15 வயதுப் பிள்ளை நிறுத்தாது. இரண்டு முறை வேண்டுமென்றே நிறுத்த வைத்தால் நிறுத்தும். ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு எல்லோருக்கும் ஒரே அளவு ஒரு லிட்டர் புட்டி. பழரசம் மாதிரி அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் அதற்கு மாற்றல்ல.

தேதி பற்றி இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஹவில்தாரும் ஆசிரியையும் ஏப்ரலை விட்டுவிட்டு, பாதை இணைந்த அக்டோபர் 17-ஐ ஒட்டிப் போகலாம் என்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பொதுத்தேர்வு இல்லை, பூட்ஸ் பழக நாள் இருக்கிறது, வெயிலும் குறைவு. பொறுப்பாசிரியரின் மறுப்பிலும் நியாயம் உண்டு: அக்டோபரில் மழை முழுதாக விட்டிருக்காது, ஜல்லியும் படியும் வழுக்கும், நூற்றுக்கணக்கானோர் கூடும் ஒழுங்கான அஞ்சலியில் நிற்பதும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம். அக்டோபர் என்றால் கோயில் நிர்வாகத்திடம் ஒப்புதல், உள்ளூர்க் காவல்துறைக்குத் தகவல், மருத்துவ வண்டி எல்லாவற்றையும் தாங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். அங்குள்ள தமிழர் அமைப்புகளுக்குக் கடிதம் போயிருக்கிறது. பதில் வந்தபின் மூன்று நிலையங்களும் கூடித் தேதியை முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.